நான் திருத்தி எழுதிய ஜெபக்குறிப்பு

எல்லாரும் பேக்கரி மாஸ்டரைத்தான் சொல்கிறார்கள். கைக்கு வந்ததைக் கோட்டை விட்ட ஆள், சபையையே முட்டாளாக்கிய ஆள் என்று. சிலர் அவர் மனைவியைச் சொல்கிறார்கள். என்னை யாரும் ஒன்றும் சொல்வதில்லை. "கிளார்க்கம்மா, நீங்களாவது அந்த மனுஷனுக்குப் புத்தி சொல்லியிருக்கக் கூடாதா" என்று என்னிடமே வந்து கேட்கிறார்கள். நான் பேச்சை மாற்றிவிடுகிறேன். இதற்கெல்லாம் ஆரம்பம் என் பேனாதான் என்பது அந்த வீட்டு மூன்று பேருக்கும் எனக்கும், ஒருவேளை போதகருக்கும் மட்டும்தான் தெரியும்.

பள்ளிக்கூட ஆபீசில் முப்பத்தொரு வருஷம் கிளார்க்காக இருந்தவள் நான். வாத்தியார்கள் 'வயிற்று வலி' என்று லீவ் லெட்டர் எழுதிக்கொண்டு வருவார்கள். இதைப் பார்த்தால் யார் லீவ் கொடுப்பார்கள் என்று 'கடும் வயிற்று உபாதை' என்று மாற்றிக் கொடுப்பேன். விண்ணப்பம் என்று ஒன்று எழுதினால் மேலே இருப்பவர் எடுத்துப் படிக்கிற மாதிரி இருக்க வேண்டும் என்பது என் கொள்கை. வேலையிலிருந்து ஓய்வு கொடுத்தார்கள், அந்தப் புத்திக்கு யார் ஓய்வு கொடுப்பது? சபையில் ஜெபக்குறிப்பு நோட்டை என் கையில் கொடுத்தபோது எனக்குப் பழைய நாற்காலி திரும்பக் கிடைத்த சந்தோஷம்.

எங்கள் சபை டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறது. கீழே காற்றடிக்கிற மெஷின் ஓடினால் மேலே போதகர் குரலை உயர்த்துவார், மெஷின் நின்ற பிறகும் உயர்த்தின குரல் இறங்காது. புதன்கிழமை சாயங்காலம் ஜெபக்கூட்டம். கூட்டத்துக்கு முன்னால் ஜனங்கள் என் மேஜைக்கு வந்து அவரவர் தேவையைச் சொல்வார்கள், நான் எழுதுவேன், போதகர் வாசிப்பார், எல்லாரும் அதற்காக ஜெபிப்போம். கேட்டது கிடைத்தால் ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் எழுந்து நின்று சாட்சி சொல்ல வேண்டும். அது எங்கள் சபையில் எழுதாத சட்டம்.

ஒரு புதன்கிழமை, நல்ல மழை. மாஸ்டரின் மனைவி நனைந்த குடையை வெளியே விட்டுவிட்டு வந்தாள். அவளைத் தெருவில் காஜாக்காரி என்பார்கள். ஒரு கம்பெனிக்குச் சட்டையில் பொத்தான் துளையைச் சுற்றித் தைத்து, காஜா எடுத்துக் கொடுக்கிறாள், ஒரு நாளைக்குப் பதினைந்து சட்டை, இருபது சட்டை. விரல் நுனியெல்லாம் ஊசி குத்திக் காய்த்துப்போயிருக்கும். நான் குடியிருக்கிற வீட்டுக்கு நேர் கீழ்வீடு அவர்களுடையது. அவள் புருஷன் பேக்கரியில் மாஸ்டர், அடுப்பு முழுக்க அவர் பொறுப்பு.

"அக்கா, அவருக்கு ஞாயித்துக்கிழமை லீவு கெடைக்கணும்னு எழுதிக்கங்க" என்றாள்.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்க்கா. கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷமாச்சு. அதுல இருபது வருஷமா நான் தனியாத்தான் வர்றேன், தனியாத்தான் போறேன். ஒரு ஆராதனையில பக்கத்துல உக்காந்தா போதும்."

நோட்டைப் பார்த்தேன். அதே பக்கத்தில் மேலே ஒரு வெளிநாட்டு விசா, ஒரு புது வீடு, ஒரு பையனுக்கு டாக்டர் படிப்பு. அதற்குக் கீழே போய் 'ஞாயிற்றுக்கிழமை லீவு' என்று எழுதினால் எப்படி இருக்கும்? சபையே கூடி நின்று ஆண்டவரிடம் லீவ் லெட்டர் கொடுத்த மாதிரி இருக்கும். பாவம், கேட்கத் தெரியாமல் கேட்கிறாள் என்று நினைத்தேன். சூப்பர்வைசர் ஆகிவிட்டால் ஞாயிற்றுக்கிழமை தானாக வந்துவிட்டுப் போகிறது. 'நம் சகோதரர் தம் பணியில் உயர்வு பெற்றுச் சபைக்குச் சாட்சியாய் நிற்க' என்று எழுதினேன். எழுதி முடித்ததும் எனக்கே பெருமையாக இருந்தது.

போதகர் அதை வாசித்தபோது அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். எல்லாம் அதில் அடங்கும் என்று கையைக் காட்டினேன். தலையாட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அவள் மகளின் பள்ளிக்கூட அட்மிஷன் படிவத்திலிருந்து அவர்கள் வீட்டு கரண்ட் மீட்டர் புகார் வரைக்கும் எழுதிக் கொடுத்தவள் நான். நான் எழுதினால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற ஒரே ஜீவன் அவள்.

ஏழு வாரம் ஜெபித்தோம். எட்டாவது புதன்கிழமை போதகர் முகமெல்லாம் சிரிப்பாக மேடைக்கு வந்தார். பேக்கரி முதலாளி புதிதாக ஒரு ஃபேக்டரி கட்டியிருக்கிறார், அதற்கு நம் மாஸ்டர்தான் சூப்பர்வைசர், நாலு மின்சார அடுப்பு, பதினெட்டு ஆட்கள், தங்குவதற்குத் தனி அறை என்றார். எல்லாரும் கைதட்டினோம். இந்த ஞாயிற்றுக்கிழமை மாஸ்டரே நேரில் வந்து சாட்சி சொல்வார் என்றார். அதற்கும் தட்டினோம். அந்த ஃபேக்டரி பஸ்ஸில் நாலு மணி நேரப் பயணம் என்பதும், பதினைந்து நாளைக்கு ஒரு தரம்தான் வீட்டுக்கு வரலாம், அதுவும் செவ்வாய்க்கிழமை என்பதும் பிறகுதான் எனக்குத் தெரிந்தது. சனி, ஞாயிறுதான் அங்கே உயிர் போகிற வேலையாம்.

சொன்னவள் அவள்தான். கூட்டம் முடிந்து மாடிப்படி இறங்கும்போது எனக்கு முன்னால் இறங்கிக்கொண்டிருந்தாள். டயர் கடை வாசலில் நின்று குடையை விரித்துக்கொண்டே சொன்னாள்.

"நீங்க எழுதினது நடந்திருச்சுக்கா."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட நான் ஏதாவது பதில் சொல்லியிருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அவர் என்ன சொல்கிறார் என்று கேட்டேன். சந்தோஷமாகத்தான் இருக்கிறார் போல, அங்கே கொண்டுபோகப் புதுப் பை வாங்கி வந்திருக்கிறார் என்றாள்.

அதற்கப்புறம் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. ஆண்டவர் உள்ளத்தைப் பார்க்கிறவர் என்றால் அவள் என்ன கேட்டாள் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்திருந்தும் என் கையெழுத்தைப் பார்த்து உத்தரவு போட்டார் என்றால், எங்கள் பழைய ஹெட்மாஸ்டருக்கும் அவருக்கும் என்ன வித்தியாசம்? இல்லை, ஆண்டவருக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, முதலாளிக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது, அவ்வளவுதான் என்றால், நாங்கள் ஏழு வாரம் முழங்காலில் நின்றது எதற்கு? எந்தப் பக்கம் யோசித்தாலும் போய் முட்டிக்கொண்டு நின்றேன். போதகரிடம் கேட்கலாம் என்றால், கேட்பதற்கு முன்னால் நோட்டை நான் திருத்தினதைச் சொல்ல வேண்டும்.

வியாழக்கிழமை பேக்கரிக்குப் போனேன். பின்பக்கம் வழியாகப் போனால் மாஸ்டரைப் பார்க்கலாம். உள்ளே நுழைந்ததும் சூடு முகத்தில் அறைந்தது. மழைக் குளிருக்கு மாவு பொங்கவில்லை என்று தொட்டிகளை அடுப்புப் பக்கமாக இழுத்து வைத்து, ஈரத்துணி போட்டு மூடியிருந்தார். ஒவ்வொரு துணியாகத் தூக்கி, இரண்டு விரலால் மாவை அழுத்திப் பார்த்தார். பள்ளம் மெல்ல எழும்பி வந்தால் ஆகிவிட்டது, சட்டென்று எழும்பினால் இன்னும் நேரம் வேண்டும் என்றார். அந்த அடுப்பில் இடது பின்மூலையில் எப்போதும் சூடு கொஞ்சம் கூடுதல். அங்கே வைக்கிற ரொட்டியைப் பாதியில் நீள மரத்துடுப்பால் வாங்கித் திருப்பி வைக்க வேண்டும். கடிகாரம் பார்க்காமல், என்னோடு பேசிக்கொண்டே, சரியாகத் திருப்பி வைத்தார். முழங்கை வரைக்கும் பழைய சூட்டுத் தழும்புகள் வரிவரியாக இருந்தன.

புது வேலை எப்படி என்று கேட்டேன். அங்கே அடுப்புக்குப் பட்டன் என்றார். இவர் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து காகிதம் பார்க்க வேண்டும். மாவைத் தொடக் கூடாது, அதற்குக் கையுறை போட்ட ஆட்கள் இருக்கிறார்கள்.

"பிடிக்கலைன்னா வேண்டாம்னு சொல்லிடுங்களேன் மாஸ்டர்" என்றேன்.

அவர் துடுப்பைச் சுவரில் சாய்த்தார். "எப்படிக்கா சொல்றது? அவ ஏழு வாரம் உக்காந்து கேட்டு வாங்கியிருக்கா. சபையே கேட்டிருக்கு. ஆண்டவர் குடுத்ததை மூஞ்சிக்கு நேரா திருப்பி நீட்டினா அவரு என்ன நெனைப்பாரு?" கொஞ்சம் நிறுத்திவிட்டு, "அதைவிட அவ என்ன நெனைப்பா?" என்றார்.

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். வாய் வரைக்கும் வந்தது. ஒரு ரொட்டியை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் அவர்கள் மகள் மேலே வந்து கூப்பிட்டாள். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிற பெண், கெட்டிக்காரி. "பெரியம்மா, அப்பாவுக்கு சாட்சி எழுதிக் குடுக்கணுமாம். பேனாவோட வாங்க" என்றாள். பேனாவை எடுத்துக்கொண்டு அவள் பின்னால் இறங்கினேன்.

கீழ்வீட்டில் அடுப்பங்கரையும் உட்காரும் இடமும் ஒன்றுதான். மேஜையில் ஒரு பக்கம் காஜா எடுக்க வேண்டிய வெள்ளைச் சட்டைகள் அடுக்கியிருந்தன, மறுபக்கம் வேகவைத்த முட்டையும் உருளைக்கிழங்கும் ரொட்டியும் வைத்திருந்தார்கள். முதலாளி கொடுத்த படிவம் சுவரோரம் புதுப் பையின் மேல் கிடந்தது. நாளைக்கு மத்தியானத்துக்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும். மாஸ்டர் குளித்துவிட்டு வந்து, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி என் எதிரில் உட்கார்ந்தார். நான் காகிதத்தை விரித்து, 'ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்' என்று எழுதினேன். அதற்குமேல் பேனா நகரவில்லை.

"என்னக்கா?" என்றாள் அவள், சட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

சொல்லிவிட்டேன். அவள் என்ன கேட்டாள், நான் என்ன எழுதினேன், ஏன் எழுதினேன் எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல எனக்கே கேவலமாக இருந்தது. மகள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தாள். மாஸ்டர் என்னைப் பார்க்கவே இல்லை, மனைவியைத்தான் பார்த்தார்.

"நீ லீவா கேட்ட?"

"ஆமா."

"என்கிட்ட கேட்டிருக்கலாம்ல."

"எத்தனை தடவை கேட்டிருக்கேன். மொதலாளி விட மாட்டேங்கிறாருன்னு நீங்கதானே சொன்னீங்க?"

மாஸ்டர் ஒரு உருளைக்கிழங்கை எடுத்துத் தோலை உரித்தார். கடைசித் துண்டு வரைக்கும் உரித்தார். பிறகு அதைச் சாப்பிடாமல் தட்டில் வைத்தார்.

"மொதலாளி ஒண்ணும் சொல்லல. ஞாயித்துக்கிழமை வேலையை நானே கேட்டு வாங்கினேன்."

அவள் கையில் ஊசி நின்றது. எப்போதிலிருந்து என்று கேட்டாள். மகள் பிறந்த வருஷத்திலிருந்து என்றார். அந்த வருஷம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்போதிருந்த போதகர் ஒவ்வொருவராக எழுப்பி, இந்த வருஷம் ஆண்டவர் உனக்கு என்ன செய்தார் என்று கேட்டிருக்கிறார். ஒருவர் வீடு கட்டினேன் என்றார், ஒருவர் கடை வைத்தேன் என்றார். இவர் முறை வந்தது.

"எந்திரிச்சு நின்னேன். என்ன சொல்றது? ரொட்டி நல்லா வெந்துச்சுன்னு சொல்றதா? எல்லாரும் பாத்துக்கிட்டே இருந்தாங்க. ஒரு வார்த்தை வரல. உன்னைப் பாத்தேன். நீ தலையைக் குனிஞ்சுக்கிட்ட. உனக்கு அவமானமாப் போச்சுன்னு தெரிஞ்சுது. மறுநாளே போய் ஞாயித்துக்கிழமையை எனக்குக் குடுங்கன்னு மொதலாளிகிட்ட கேட்டுட்டேன்."

"நான் குனிஞ்சது இவ சாக்ஸைத் தேட." அவள் மகளைக் காட்டினாள். "கைக்குழந்தை. ஒரு காலு சாக்ஸைக் கழட்டி பெஞ்சுக்கு அடியில போட்டுட்டா. அதைத்தான் தேடுனேன். நீங்க எந்திரிச்சதையே நான் சரியாப் பாக்கல."

மாஸ்டர் மகளின் காலைப் பார்த்தார். மழை சன்னல் தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது. இருபது வருஷம். நான் அங்கே இருந்திருக்கவே கூடாது என்று தோன்றியது, எழுந்து போகவும் முடியவில்லை.

"இருபது வருஷமா உங்களுக்காக அந்த மொதலாளியைச் சபிச்சிருக்கேன்" என்றாள் அவள். குரல் உடைந்துவிட்டது. "அந்த மனுஷனுக்குக் கால் உடைஞ்சப்ப நல்லா வேணும்னு நெனைச்சேன். இப்ப அந்தப் பாவத்தை எங்க கொண்டுபோய் வைக்கிறது?"

மகள்தான் முதலில் சுதாரித்துக்கொண்டாள். "அதெல்லாம் பழசு. இப்பத்தான் சொல்றதுக்கு ஒண்ணு கெடைச்சிருக்குல்லப்பா. பதினெட்டு பேருக்கு சூப்பர்வைசர். நிமிந்து நின்னு சொல்லலாம். இப்பப் போய் வேண்டாம்னு சொல்லிடாதீங்க" என்றாள்.

"ஆமா, இப்பத்தான் ஒண்ணு கெடைச்சிருக்கு." மாஸ்டர் அதை ஒத்துக்கொண்ட மாதிரிதான் இருந்தது. அவர் அந்தப் படிவத்தைப் பார்த்த பார்வையில் ஆசையும் இருந்தது. இல்லை என்று நான் பொய் சொல்ல மாட்டேன். பிறகு என் பக்கம் திரும்பினார். "அக்கா, நீங்க படிச்சவங்க. ஆண்டவரே முப்பது வயசு வரைக்கும் தச்சுப் பட்டறையிலதான் இருந்தாரு. அங்க அவருக்கு என்ன உயர்வு கெடைச்சுது? அந்த வருஷத்துல அவரை எழுப்பி சாட்சி சொல்லச் சொல்லியிருந்தா என்ன சொல்லியிருப்பாரு?"

நான் பேனாவை மூடினேன். மகள் சொன்னாள், "அது வேறப்பா."

"எப்படி வேற?"

"தெரியல. ஆனா வேற."

மாஸ்டர் சிரித்துவிட்டார். அவள் சிரிக்கவில்லை. சட்டையை மடித்து வைத்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னாள், "நீங்க போங்கன்னும் சொல்ல மாட்டேன், போகாதீங்கன்னும் சொல்ல மாட்டேன். ஒரு ஞாயித்துக்கிழமை வந்து பக்கத்துல உக்காந்துட்டு எங்க வேணாப் போங்க."

சாட்சி எழுதாமலே மேலே வந்துவிட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் மாஸ்டர் முதலாளியிடம் போய் அந்த வேலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார். முதலாளிக்குக் கோபமான கோபம். நாலு அடுப்பு கொடுத்தால் ஒரு அடுப்பு போதும் என்கிறவனை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்றாராம். நாலு வருஷத்துக்கு முன்னால் மாவு மூட்டை தூக்க வந்த ஒருவருக்கு அந்த சூப்பர்வைசர் இடத்தைக் கொடுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை இனிமேல் வேண்டாம் என்று கேட்டதற்கு, நாளைக்கு ஒரு நாள் மட்டும் எடுத்துக்கொள், அப்புறம் பழையபடி வா, உன்னை நம்பித்தான் மற்றவர்களுக்கு லீவ் கொடுத்திருக்கிறேன் என்றாராம். மகள் கதவை அடித்துச் சாத்தின சத்தம் மேல்வீடு வரைக்கும் கேட்டது. படிக்கட்டில் மாஸ்டரைப் பார்த்து, நன்றாக யோசித்துத்தான் சொன்னீர்களா என்று கேட்டேன். "யோசிச்செல்லாம் சொல்லலக்கா. வாயில வந்துச்சு. சரியா தப்பான்னு இப்பவும் தெரியல" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் சேர்ந்து மாடிப்படி ஏறி வந்தார்கள். மாஸ்டர் வெள்ளைச் சட்டை போட்டிருந்தார். சன்னல் ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தார்கள், கொஞ்சம் இடம் விட்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் உட்காருகிற மாதிரி. ஆட்கள் வந்து மாஸ்டரின் கையைப் பிடித்துக் குலுக்கி வாழ்த்தினார்கள். அவர் தலையை மட்டும் ஆட்டினார். போதகருக்கு விஷயம் தெரியாது. நான் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். சொல்லத்தான் எழுந்தேன், அதற்குள் பாட்டு ஆரம்பித்துவிட்டது, மறுபடியும் உட்கார்ந்துவிட்டேன். என் கோழைத்தனத்துக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது.

சாட்சி நேரம் வந்தது. விசா கிடைத்த பெண் எழுந்து பேசினாள். வீடு கட்டியவர் எழுந்து, கதவு எந்த மரம், தரைக்கு என்ன கல் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி ஸ்தோத்திரம் செய்தார். அவர் சமையலறைக்கு வந்துசேர்ந்த நேரத்தில் நான் சன்னல் பக்கம் பார்த்தேன். மாஸ்டர் தூங்கிக்கொண்டிருந்தார். விடியாமல் எழுந்து எழுந்து பழகின உடம்பு, மழை நின்று அன்றைக்குத்தான் வெயில் வந்திருந்தது, அது அவர் மேல் விழுந்துகொண்டிருந்தது. தலை மெல்லச் சாய்ந்து அவள் தோளில் போய் நின்றது. அவள் அசையவில்லை.

"அடுத்து, நாம் எல்லாரும் ஜெபித்து உயர்வு பெற்ற நம் சகோதரர்" என்று போதகர் கையை நீட்டினார். எல்லாரும் கைதட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தார்கள். கைதட்டல் ஒவ்வொன்றாக நின்றது. பின்பெஞ்சிலிருந்து ஒருவர் எட்டி மாஸ்டரின் தோளைத் தொடப்போனார். அவள் அந்தக் கையை விலக்கினாள்.

எங்கள் சபையில் யாரும் உட்கார்ந்துகொண்டு சாட்சி சொன்னதில்லை. அவள் உட்கார்ந்தபடியே, அவர் தலை நழுவாமல் ஒரு கையால் பிடித்துக்கொண்டு சொன்னாள்.

"எழுப்பாதீங்க ஐயா. அவரு அந்த வேலையை வேண்டாம்னு சொல்லிட்டாரு. உயர்வு நான் கேக்கவே இல்ல. ஞாயித்துக்கிழமை கேட்டேன். கெடைச்சிருச்சு."

யாரோ ஒருவர் "ஸ்தோத்..." என்று ஆரம்பித்து, சொல்லலாமா கூடாதா என்று தெரியாமல் நிறுத்திக்கொண்டார். வீடு கட்டியவர் தன் மனைவியைப் பார்த்தார். போதகர் என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன், இந்தத் தடவை முகத்தைத் திருப்பவில்லை. அவர் கையிலிருந்த காகிதத்தை ஒரு தரம் புரட்டினார், மறுபடியும் புரட்டினார். கடைசியில் வேறு வழியில்லாமல், "பாட்டுக்காக எல்லாரும் எழுந்து நிற்போம்" என்றார்.

பெஞ்சுகள் கிரீச்சிட்டன. சபை முழுக்க எழுந்து நின்றது, அந்த இரண்டு பேரைத் தவிர. நானும் உட்கார்ந்தே இருந்தேன்.